முளைக்காத பல்லில் ஓட்டை

"வெளிய வராத பல்லு எப்பிடி டாக்டரம்மா சொத்தையாகும்?" என்று கேட்டார் அந்த ஆச்சி. கேட்டவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அப்படியே மருமகள் பக்கம் திரும்பி, "அப்பவே சொன்னேன், ராத்திரி படுக்கும்போது பயலுக்கு மிட்டாயக் குடுத்துப் பழக்காதன்னு" என்றார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. கையில் இருந்த எக்ஸ்ரே கவரின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

நான் கோவில்பட்டியில் 17 வருஷமாகப் பல் மருத்துவராக இருக்கிறேன். மேல்படிப்பு படித்தது குழந்தைகளுக்கான பல் மருத்துவம். 2020இல் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது, இங்கே பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்க்கிற வேலை என்றால் மிட்டாயைப் பற்றிய பேச்சு இல்லாமல் ஒரு நாளும் போகாது. அந்தப் பையனின் அப்பா வேலை பார்ப்பதே ஒரு மிட்டாய்ப் பட்டறையில்தான், பாகு காய்ச்சுகிறவர். வீட்டில் எந்நேரமும் உடைந்த துண்டு மிட்டாய் ஒரு டப்பாவில் இருக்கும். அதனால் அந்தக் குடும்பத்தில் பழியை எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, பிள்ளை பிறந்த நாளிலிருந்தே அதற்கு இடம் தயாராக இருந்தது.

ஆனால் ஆச்சி முதலில் கேட்டாரே ஒரு கேள்வி, அதுதான் சரியான கேள்வி. இரண்டாவதாகச் சொன்னதை விட்டுவிட்டு அந்த முதல் கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் எங்கே போய் நிற்கும் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். இதை எழுத எனக்கு வேறொரு காரணமும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

2023 மே மாதம், பள்ளி விடுமுறை. பையனுக்குப் பத்தரை வயது. மேல்வரிசை முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன, கிளிப் போடலாமா என்று கேட்கத்தான் கூட்டி வந்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஓபிஜி என்கிற பெரிய எக்ஸ்ரே ஒன்று எடுப்போம். கருவி முகத்தைச் சுற்றி வந்து மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டும். பத்து வயதுப் பிள்ளையின் ஓபிஜியைப் பார்த்திருக்கிறீர்களா? காலை நேரத்து டவுன் பஸ் மாதிரி இருக்கும். உட்கார்ந்திருக்கிற பால் பற்கள், அவை எழுந்ததும் உட்காரலாம் என்று அவற்றின் காலடியிலேயே காத்திருக்கிற நிரந்தரப் பற்கள், கடைசி வரிசையில் வேர்கூட முழுசாக வைக்காத கடைவாய்ப் பற்கள், எல்லாம் ஒரே நேரத்தில். பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைத் திரையில் காட்டினால் வாய் பிளந்து பார்ப்பார்கள். இவனும் பார்த்தான், விரல் வைத்து எண்ணினான், "இம்புட்டுப் பல்லா எனக்கு?" என்றான்.

அவன் எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் என் கண் கீழே இடப்பக்கம் போனது. இரண்டாவது நிரந்தரக் கடைவாய்ப் பல், நாங்கள் எங்களுக்குள் 'த்ரீ செவன்' என்று சொல்கிற பல். சாதாரணமாக 11 வயதிலிருந்து 13 வயதுக்குள் முளைக்கும். அவனுக்கு இன்னும் ஈறுக்கு அடியில்தான் இருந்தது. பல்லின் வெளிவடிவம் அழகாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது, பல்லின் மேல் ஓடான எனாமல் வெள்ளைக்கோடாகச் சுற்றி ஓடுகிறது, அந்தக் கோட்டுக்குக் கீழே, பல்லின் உடம்புக்குள்ளே, ஒரு மிளகு அளவுக்குக் கறுப்பு. எக்ஸ்ரேயில் கறுப்பு என்றால் அங்கே கடினமான பொருள் இல்லை என்று அர்த்தம். எனாமலுக்கு அடியில் பல்லின் உடம்பாக இருக்க வேண்டிய டென்டின் அங்கே இல்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் சொத்தைப் பல்லைப் 'பூச்சிப்பல்' என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பூச்சி விழும் என்று நம்புகிறவர்கள் இன்றைக்கும் என் நாற்காலியில் வந்து உட்காருகிறார்கள், நான் அவர்களைக் கோபித்துக்கொள்வதில்லை. ஏனென்றால் சொத்தை என்பதே ஏதோ ஒன்று வெளியிலிருந்து வந்து பல்லைத் தின்கிற விஷயம்தான், பூச்சிக்குப் பதில் பாக்டீரியா. வாயில் இருக்கிற பாக்டீரியா, நாம் சாப்பிடுகிற இனிப்பையும் மாவுச்சத்தையும் எடுத்து அமிலமாக்குகிறது, அமிலம் எனாமலைக் கரைக்கிறது, அப்புறம் உள்ளே போகிறது. இதற்கு வாய் வேண்டும், எச்சில் வேண்டும், சோற்றுப் பருக்கை வேண்டும். முளைக்காத பல்லுக்கு இவை எதுவும் கிடையாது. அது தாடை எலும்புக்குள் ஒரு குழியில், ஒரு சதைப் பைக்குள் முழுக்க மூடிக் கிடக்கிறது. அந்தப் பையனின் மற்ற பற்கள் எவ்வளவு மிட்டாய் தின்றிருந்தாலும் த்ரீ செவன் ஒரு துண்டுகூடத் தின்றதில்லை. மேலே இருந்த பால் பல்லில் சீழ் பிடித்துக் கீழே இறங்கியிருந்தால் அது வேறு கதை, அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் இந்தப் பல்லுக்கு மேலே பால் பல்லே கிடையாது, பால் பல் வரிசை முடிந்த பிறகு தனியாகப் பின்னால் முளைக்கிற பல் இது.

அப்படியென்றால் தின்றது யார்?

இதற்குப் பதில் சொல்ல, நான் வாரம் ஒரு முறையாவது கேட்கிற வேறொரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விழுந்த பால் பல்லைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு பதறிப்போய் வருகிற அம்மாக்கள் உண்டு. "வேரு உள்ளயே தங்கிருச்சு போல டாக்டர், பாருங்க, மேல்பாதி மட்டும்தான் வந்திருக்கு." காகிதத்தைப் பிரித்தால் ஒரு சின்னக் கிரீடம் மாதிரி பல், அடியில் வேர் இருக்க வேண்டிய இடம் கரடுமுரடாகக் குழிந்து கிடக்கும். வேர் தங்கவில்லை அம்மா, வேரை உங்கள் பிள்ளையின் உடம்பே தின்றுவிட்டது என்று சொல்வேன். ஒரு நிமிஷம் நம்ப மாட்டார்கள். பால் பல்லுக்கு நல்ல நீளமான வேர் உண்டு. நிரந்தரப் பல் கீழிருந்து வரும்போது, பல நியூக்ளியஸ் கொண்ட பெரிய செல்கள் கூடி, அந்த வேரின்மேல் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு, அமிலத்தைச் சுரந்து தாது உப்பைக் கரைத்து, நொதியைச் சுரந்து மிச்சத்தையும் அறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வேர் முழுவதையும் கரைத்துவிடும். வலிக்காது. பிடிக்க வேர் இல்லாததால்தான் பால் பல் ஆடுகிறது, ஒரு நாள் சாப்பாட்டோடு விழுகிறது, நாம் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிகிறோம். இதே குடும்பத்துச் செல்கள்தான் எலும்பையும் தின்னும், வாழ்நாள் முழுக்க நம் எலும்பைப் பழையது போகப் புதியது வைத்துக்கொண்டிருப்பதில் பாதி வேலை அவற்றுடையது.

பல் முளைப்பதற்கும் இந்தச் செல்கள் வேண்டும். பல் ஏதோ தன் பலத்தால் முட்டி மோதி எலும்பைப் பிளந்து வருவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம், நானும் கல்லூரியில் சேரும்வரை அப்படித்தான் நினைத்தேன். மார்க்ஸ், கேஹில் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களில் நாய்க்குட்டிகளிடம் செய்த சோதனைகளைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முளைக்காத பல்லைச் சுற்றியிருக்கும் சதைப் பையை மட்டும் எடுத்துவிட்டுப் பல்லை விட்டுவைத்தார்கள், பல் முளைக்கவில்லை. அப்புறம் பையை விட்டுவைத்துவிட்டு உள்ளே இருந்த பல்லை எடுத்து, அதே வடிவத்தில் உலோகத்தில் செய்த ஒரு போலியை வைத்தார்கள். அந்த உலோகத் துண்டு முளைத்து வந்தது! உயிரே இல்லாத துண்டு. வழி விடுவதும் வழி திறப்பதும் பைதான். அந்தப் பை எலும்பு தின்னும் செல்களைக் கூப்பிடுகிறது, அவை பல்லின் தலைக்கு மேலே இருக்கும் எலும்பைத் தின்று பாதை போடுகின்றன, பல் அந்தப் பாதையில் ஏறி வருகிறது.

இப்போது அந்த இடத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மூடிய ஒரு குழி. கடினமான எதையும் கரைக்கக்கூடிய செல்கள் சுற்றிலும். நடுவில் புத்தம்புதுப் பல். பல்லையும் ஏன் அவை தின்னவில்லை? எனாமலைக் கட்டிய செல்கள் வேலை முடிந்ததும் போய்விடுவதில்லை, சுருங்கி ஒரு மெல்லிய படலமாகி, பல்லின் தலைமீது துணி போர்த்தியது போலப் படிந்து கிடக்கின்றன. பல் வாய்க்குள் எட்டிப் பார்க்கும்வரை காவல் அதுதான். அந்தப் படலத்தில் எங்கேயோ ஊசிமுனை அளவுக்கு ஒரு கிழிசல், அதற்கு நேர்கீழே எனாமலின் பள்ளத்தில் ஒரு சின்ன விரிசல், அவ்வளவு போதும். செல்கள் உள்ளே நுழைகின்றன. எனாமலில் எடைக்கு 96 சதவீதம் தாது. டென்டினில் சுமார் 70 சதவீதம்தான். எனாமலில் ஒரு ஊசித்துளை, உள்ளே போனதும் டென்டினில் ஒரு அறை. இதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருக்கும் விளக்கம். அறுத்தெடுத்த பற்களை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அந்தக் குழிகளுக்குள் பல நியூக்ளியஸ் செல்களைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் படலம் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு பல்லில் மட்டும் ஏன் கிழிகிறது, பக்கத்துப் பல்லில் ஏன் கிழியவில்லை என்பதற்கு இன்றுவரை யாரிடமும் பதில் கிடையாது. பல் தன் இடம் விட்டுச் சாய்ந்து கிடக்கும்போது இது அதிகம் தென்படுகிறது, அந்த அளவுக்கு ஒரு துப்பு இருக்கிறது. அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் இதற்கு வாயில் நுழையாத பெயர்: ப்ரீ-இரப்டிவ் இன்ட்ராகரோனல் ரிசார்ப்ஷன். நாங்கள் 'பி.இ.ஐ.ஆர்' என்று சுருக்கிக்கொள்வோம். முளைக்கும் முன்பே பல்லின் தலைக்குள் நடக்கிற கரைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இது புதுசாக வந்த நோய் அல்ல. 1941இல் ஸ்கில்லன் என்ற அமெரிக்கர் இதைப் பற்றி எழுதியபோதே, பைக்குள் வருகிற 'சொத்தை' என்று சொல்லப்படுவதைப் பற்றித்தான் எழுதினார், அதாவது அந்தப் பெயர் சரிதானா என்ற சந்தேகத்தோடு. ஆச்சி கேட்ட கேள்வியை அவரும் கேட்டிருக்கிறார். இருந்தாலும் அதன் பிறகும் பல பதிற்றாண்டுகள் 'முளைக்குமுன் சொத்தை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. பெயர் சொத்தை என்றால் பழி மிட்டாய்க்கும் அம்மாவுக்கும்தானே போகும்.

இதில் கணக்கெடுத்து வேலை செய்தவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த கிம் சியோ. 1999இல் அவரும் அவருடைய குழுவினரும் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த எக்ஸ்ரேக்களைக் கிளறிப் பார்த்தார்கள். ஓபிஜி படங்களில் 100 பேரில் 3 பேருக்கு இந்தக் குறை இருந்தது. பல் கணக்கில் பார்த்தால் 200 முளைக்காத பற்களில் ஒன்று. இன்னும் தெளிவாகக் காட்டும் சின்னப் படங்களில், கடித்துப் பிடிக்கும் பைட்விங் எக்ஸ்ரேக்களில் பார்த்தபோது 100 பேரில் 6 பேர். ஆணா பெண்ணா, வேறு உடல்நோய் உண்டா, ஃப்ளூரைடு எடுத்தார்களா என்று தேடிப் பார்த்ததில் ஒன்றோடும் தொடர்பு தெரியவில்லை. பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு பல்தான்.

நூற்றுக்கு மூன்று! நான் ஒரு மாதத்தில் பார்க்கிற பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். 17 வருஷத்தை எண்ணிப் பாருங்கள். அந்தப் பையனுக்கு முன்னால் நான் இதைக் கண்டுபிடித்தது மொத்தமே இரண்டு முறை. இல்லாததால் பார்க்காமல் விட்டேனா, பார்க்காததால் இல்லை என்று நினைத்தேனா?

அன்று ராத்திரி க்ளினிக்கைப் பூட்டும் முன்னால் அந்தப் பையனின் பழைய ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். 2021இல் எட்டு வயதில் அதே இடப்பக்கக் கீழ்க்கடைவாயில் பால் பல் வீங்கி, ராத்திரியெல்லாம் அழுது, காலையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். சென்சாரை வாய்க்குள் வைத்து ஒரு சின்ன டிஜிட்டல் எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன். பையன் குமட்டியதில் சென்சார் கொஞ்சம் பின்னால் நகர்ந்துவிட்டது. படத்தின் நடுவில் வீங்கிய பால் பல், அதற்கடுத்து ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப் பல், வலது ஓரத்தில், படம் முடிகிற இடத்தில், பாதி வெட்டுப்பட்டு, எலும்புக்குள் கிடக்கிற த்ரீ செவன். அதன் முன்பக்க முனையில், எனாமலுக்கு ஒட்டிக் கீழே, ஒரு கடுகு அளவுக்குக் கறுப்பு. படத்துக்குக் கீழே என் கையால் நான் தட்டச்சிய குறிப்பு: வீங்கிய பல்லின் எண், சீழ், வேர் சிகிச்சை, அடுத்து வர வேண்டிய தேதி. ஓரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் கடுகு இரண்டு வருஷத்தில் மிளகாகியிருந்தது.

அழுகிற பிள்ளை, வீங்கிய கன்னம், வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள், கண் நேராக வலிக்கிற பல்லுக்குத்தான் போகும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது உண்மையும்கூட. ஆனால் எக்ஸ்ரே என்பதே கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்க எடுப்பது, அதில் ஏற்கெனவே தெரிந்ததை மட்டும் பார்த்துவிட்டு மூடினேன் என்பதும் உண்மை. தூக்கம் வரவில்லை.

மறுநாள் பையனின் அம்மாவைப் போனில் கூப்பிட்டு இரண்டையும் சொன்னேன். ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த படத்திலேயே சின்னதாக இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை என்று. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "அப்போ மிட்டாயால இல்லையா டாக்டர்?" என்றார். இல்லைம்மா, மிட்டாய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்றேன். கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம், "இத எங்க அத்தைகிட்ட நீங்களே சொல்லுறீங்களா?" என்றார்.

சொன்னேன். ஆச்சியை நாற்காலியிலேயே உட்கார வைத்து, திரையில் படத்தைப் பெரிசாக்கி, பால் பல் வேர் கரைவதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். ஆச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கறையான் மாதிரின்னு சொல்லுங்க. வெளிய கதவு நல்லாத்தான் இருக்கும், தட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். இதைவிட நல்ல உவமையை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

சரி, என்ன செய்வது? கறுப்பு சின்னதாக, வளராமல் இருந்தால் அவசரம் எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே இருந்து, பல் ஈறைக் கிழித்துக்கொண்டு தலை காட்டியதும் உடனே திறந்து அடைத்துவிட வேண்டும். அந்த 'உடனே'தான் முக்கியம். ஈறுக்குள் இருக்கும்வரை அந்த ஓட்டையில் கிருமி இல்லை, அதனால் வலி இல்லை. பல் வாய்க்குள் வந்த நாளிலிருந்து எச்சிலும் கிருமியும் அந்த ஊசித்துளை வழியாக உள்ளே இறங்கும், உள்ளே ஏற்கெனவே வெற்று அறை தயாராக இருக்கிறது, அப்போது ஆரம்பிப்பது நிஜமான சொத்தை. சாதாரணச் சொத்தைக்கு ஆகிற காலத்தில் கால்வாசிகூட ஆகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வளர்ந்துகொண்டே போய்ப் பல்லின் நரம்பை நெருங்குகிறது என்றால் முளைக்கும்வரை காத்திருக்கக் கூடாது, ஈறைத் திறந்து உள்ளேயே அடைக்க வேண்டும். ரொம்பவும் முற்றிப் போயிருந்தால் எடுத்துவிடுவதைத் தவிர வழியில்லாமலும் போகலாம்.

நம்மிடம் இருந்த இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வளர்ச்சியைச் சொல்லிவிட்டன. இருந்தாலும் வேறு கோணத்தில் ஒரு படம் எடுத்து உறுதி செய்துகொண்டேன், ஏனென்றால் எனாமலின் வெள்ளைக்குப் பக்கத்தில் கண்ணே ஒரு கறுப்புக் கோட்டைக் கற்பித்துக்கொள்ளும், பல்லின் மேல்பள்ளங்கள் படத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தும் ஏமாற்றும். கறுப்பு அதே இடத்தில் இருந்தது. மதுரையில் இருக்கும் என் சீனியர் ஒருவர் அறுவை நிபுணர், அவரை வரச் சொல்லி ஜூன் மாதம் இருவரும் சேர்ந்து செய்தோம்.

மரத்துப்போகும் ஊசி, ஈறில் ஒரு சின்னக் கீறல். மேலே எலும்பு ஏற்கெனவே கரைந்து பல்லுக்கு வழி விட்டிருந்தது. ஈறை விலக்கியதும் அந்தப் பை தெரிந்தது, நுங்கின் மேல்தோல் மாதிரி லேசான பளபளப்போடு. அதையும் விலக்கினால் பல். யார் கையும் படாத, ஒரு வாய்ச் சோறும் மெல்லாத பல். சோழியின் முதுகு போல வழவழப்பு. ஓட்டை எங்கே? வெளியே ஒன்றுமே இல்லை. என் சீனியர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மெல்லிய ஊசிமுனைக் கருவியை எடுத்து முன்பக்கப் பள்ளம் வழியாக மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன், ஓரிடத்தில் முனை 'தக்' என்று மாட்டியது. அந்த இடத்தில் பர் என்கிற துளையிடும் முனையை வைத்து எனாமலைத் திறந்ததும் உள்ளே இருந்து ரத்தம் வந்தது.

சொத்தையைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிந்த ஒரு வாசனை உண்டு, மாஸ்க்கையும் மீறி வரும். பழுப்பாக, ஈரமாக, ஊறிப்போன தோல் மாதிரி உரிந்து வரும். இங்கே வாசனை இல்லை, பழுப்பு இல்லை. ஈறைப் போலவே சிவந்த, உயிருள்ள சதை, ஸ்பூன் வடிவக் கருவியால் தள்ளியதும் ஒரே துண்டாக வெளியே வந்தது. சுற்றிலும் டென்டின் சுவர் கல் மாதிரி கெட்டியாக இருந்தது. பல்லுக்குள் இருக்கக் கூடாத சதை அங்கே குடியிருந்திருக்கிறது, அவ்வளவு சுத்தமாக. ரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றோம். நரம்புக்கு மேலே டென்டின் ஒரு மெல்லிய தட்டு போல மிச்சமிருந்தது, அது போதும். ஈரத்தை ஓரளவு தாங்கும் என்பதால் கிளாஸ் அயனோமர் என்கிற அடைப்புப் பொருளை வைத்து அடைத்தோம். எடுத்த சதைத் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். இணைப்புத் திசு, ஓரத்தில் சில பல நியூக்ளியஸ் செல்கள், கிருமி எதுவும் இல்லை என்று வந்தது. அந்த அறிக்கையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கேட்டிருக்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன்.

அவனுக்கு இப்போது 12 வயது முடிந்துவிட்டது. பல் நேராக முளைத்து, வேர் இரண்டும் வளர்ந்துகொண்டே வருகின்றன, நரம்பு உயிரோடு இருக்கிறது. கிளாஸ் அயனோமரை எடுத்துவிட்டு மேலே நிரந்தரமாக அடைத்துவிட்டேன்.

இதை எழுதுகிறபோது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு நல்லா இருக்கிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஓபிஜி எடுக்கச் சொல்லாதீர்கள். ஒரு ஓபிஜியில் வருகிற கதிர்வீச்சு, நாம் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயல்பாகச் சில நாட்களில் வாங்குகிற அளவுதான், பயப்படத் தேவையில்லை. ஆனாலும் காரணமில்லாமல் பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே எடுக்கக் கூடாது. வேறு எதற்காவது எடுத்த படம் உங்களிடம் இருந்தால், அல்லது எடுக்க வேண்டி வந்தால், உங்கள் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முளைக்காத பல்லெல்லாம் நல்லா இருக்கா?" அவ்வளவுதான். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டோம். ஆச்சி கேட்ட அன்றிலிருந்து என் கண் தானாகப் படத்தின் ஓரத்துக்குப் போகிறது. பல் மருத்துவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களிடம் நான் கேட்பதும் இதைத்தான்.

முதலில் சொன்ன அந்த வேறொரு காரணம். ஆறு வயதில் முளைக்கிற கடைவாய்ப் பல், முளைத்து ஒரு வருஷம்கூட ஆகாமல், மேலே சின்னப் புள்ளியும் உள்ளே பெரிய குகையுமாக வருகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மறைந்த சொத்தை என்று சொல்வோம். அதில் ஒரு பகுதி, முளைக்கும் முன்னாலேயே இப்படிக் கரைந்து, முளைத்த பிறகு கிருமி புகுந்ததாக இருக்கலாம் என்று சியோ உள்பட இதைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. ராத்திரி பல் தேய்க்க வைக்கிறீங்களா? பாட்டிலில் பால் கொடுத்தீங்களா? புதுப் பல்லையே இப்படி விட்டிருக்கீங்களே? நல்ல எண்ணத்தில்தான் கேட்டேன், சத்தமாகவும் கேட்டேன், காத்திருக்கிறவர்கள் காதில் விழுகிற மாதிரி.

போன வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய டிஜிட்டல் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஓரங்களை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். டிஜிட்டல் கருவி வாங்கிய 2018லிருந்து. மூன்று படங்களில் சந்தேகம் வந்தது. இரண்டில் பல் இன்னும் முளைக்கவில்லை, கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், பார்த்துக்கொண்டு வருகிறோம். மூன்றாவது ஒரு பெண்குழந்தை. 2018இல் ஐந்து வயதில் பால் பல்லுக்காக எடுத்த படம், அதன் ஓரத்தில் முளைக்காத கடைவாய்ப் பல், எனாமலுக்குக் கீழே நிழல். 2020இல் அதே பல்லில் வலியோடு வந்திருக்கிறாள், அடிவரை போயிருந்தது, நரம்புக்கு வைத்தியம் பார்த்துக் காப்பாற்றியிருக்கிறேன். என் குறிப்பில் கடைசி வரி: 'தாய்க்கு அறிவுரை கூறப்பட்டது.'

நம்பரைத் தேடிக் கூப்பிட்டேன். திருப்பூருக்குக் குடிபோயிருந்தார்கள். பாப்பாவுக்குப் பல் எப்படி இருக்கிறது என்று கேட்டதும் அம்மா பதறினார், "ஏன் டாக்டர், மறுபடியும் வரணுமா?" வர வேண்டாம்மா, பல் நல்லா இருக்கு, அன்னைக்கு உங்ககிட்ட நான் சொன்னது ஒண்ணு தப்பு, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றேன். விவரத்தைச் சொன்னேன், படத்தில் பார்த்ததை, முளைக்கும் முன்னாலேயே இருந்ததை. அவர் முழுசாகக் கேட்டார். அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது, அப்புறம் நின்றது.

"அவளுக்கு இப்ப பதிமூணு டாக்டர்" என்றார். "அன்னைக்கு உங்ககிட்டருந்து வந்ததுல இருந்து அவளுக்குப் பிறந்தநாளுக்குக்கூட கேக்கு வாங்கினதில்ல."